இடது பக்கம் இழுக்கும் வண்டி

நவம்பர் 3, ஞாயிறு

இன்று சங்கக் கூட்டம். கோவை மலைப்பாதைக் கார் சங்கம் என்று பெயர். இவர்களுக்கு மலைப்பாதையும் தெரியாது, காரும் தெரியாது, சங்கம் மட்டும் நன்றாகத் தெரியும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒன்றேகால் மணி நேரம் யார் காரில் எத்தனை அங்குலத் திரை என்ற பேச்சுதான். ஏசியைக் கூட்டவேண்டுமென்றால் திரையைத் தொட்டு, அதற்குள் ஒரு படத்தைத் தொட்டு, அதற்குள் இன்னொரு படத்தைத் தொடவேண்டுமாம். என் வண்டியில் ஒரு திருகு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திருகலாம். பதினைந்து வருடமாகத் திருகிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவர் கார் தானாகவே பிரேக் பிடிக்குமாம், தானாகவே கோட்டுக்குள் போகுமாம். அப்படியென்றால் நீங்கள் எதற்கு, வீட்டில் இருந்துகொண்டு காரை மட்டும் அனுப்பிவிடலாமே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 15 கோத்தகிரிப் பயணம். பதினெட்டு கார். முன்னால் போவது வழக்கம்போல் நான்தான், இது பதினோராவது வருடம். முன் கார் என்றால் சும்மா இல்லை. பின்னால் வரும் பதினேழு பேரும் நான் போகும் கோட்டைப் பார்த்துத்தான் வளைவில் திரும்புவார்கள். எதிரே பஸ் வருகிறது, ஓரத்தில் ஆள் நிற்கிறது என்று வயர்லெஸ்ஸில் நான் சொல்லச் சொல்ல வருவார்கள். அந்த இடத்தின்மேல் தம்புராஜுக்கு ரொம்ப நாளாகக் கண். நாற்பது வருட நண்பன் என்பதால் வாய்விட்டுக் கேட்கமாட்டான். நானும் கொடுக்கமாட்டேன். என் பம்ப்செட் கம்பெனியை மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார். எனக்கென்று மிச்சமிருப்பது இந்த ஒன்றுதான்.

திரும்பும்போது பக்கத்து சீட்டில் என் மனைவி கோகிலா. "ஏனுங்க, லெஃப்ட்ல ஸ்கூட்டர் வருது. லெஃப்ட்ல பஸ் நிக்குது. லெஃப்ட்ல குழி." லாரி கிளீனர் கெட்டான். ஒரு வருடமாகத்தான் இந்தப் பழக்கம். முன்பெல்லாம் ஏறி உட்கார்ந்தால் உக்கடம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். இப்போது விழித்த கண் விழித்தபடி உட்கார்ந்து இடது பக்கத்தை மட்டும் ஒப்பிக்கிறாள். வேண்டுமானால் நீயே ஓட்டு என்றால் வாயை மூடிக்கொள்வாள், அடுத்த சிக்னல் வரைக்கும்.

நவம்பர் 6, புதன்

அடுத்த மாதம் அறுபது முடிகிறது, லைசென்ஸும் முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வரிசையில் ஒன்பது பேர். டாக்டர் செல்போனில் எதையோ பார்த்தபடியே ஒன்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டார். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கதவு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். அவர் சான்றிதழிலும் பார்வை இயல்பு.

இதுதான் நம் நாட்டுச் சட்டம். சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும் என்று சட்டம் போட்டார்கள். கத்தாமல் இருக்க வெறும் கொக்கியைக் கடையில் விற்கிறார்கள். ஹெல்மெட் முழங்கையைக் காப்பாற்றுகிறது. நேராகப் போவதற்கு நாலு இன்டிகேட்டரையும் போடுகிறான், திரும்புவதற்கு ஒன்றையும் போடமாட்டேன் என்கிறான். பச்சைக் குழந்தையை மேற்கூரை ஓட்டை வழியாக நிற்க வைத்து ஊர்வலம் விடுகிறான். இந்த லட்சணத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் என்று பேனர் வேறு.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. அந்த டாக்டர் நிமிர்ந்து பார்க்காததும் ஒரு வகையில் நல்லதுதான். நேரம் மிச்சம்.

நவம்பர் 11, திங்கள்

கோகிலாவின் அக்கா பெருந்துறையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். மூன்று வாரம் கூட இருக்கக் கோகிலா போகிறாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். திரும்பி வரும்போது தனியாக வருவீங்க, வேண்டாம் என்றாள். முப்பத்தைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? பஸ்ஸில்தான் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நா வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. எங்க போறதுன்னாலும் ஆட்டோல போங்க."

ஆட்டோவில் போவதற்காகவா இத்தனை வருடம் வண்டி வைத்திருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 13, புதன்

காரின் இடது பக்கக் கண்ணாடி போச்சு. கோவை ராமநாதபுரத்தில் பால் வேனை ஓரமாக நிறுத்தியிருக்கிறான் ஒருத்தன். ஓரம் என்றால் அவன் பாட்டன் சொத்தான நடுரோடு. இறங்கி வந்து, நிற்கிற வண்டியில் வந்து இடிக்கிறீங்களே என்று என்னையே திட்டுகிறான். கூட்டம் கூடிவிட்டது. கூட்டமும் அவன் பக்கம். சாலை விதி தெரியாத ஊரில் நியாயம் மட்டும் எங்கிருந்து வரும்.

புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று.

நவம்பர் 16, சனி

காரணம் பிடிபட்டுவிட்டது. வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

நேற்று வீட்டுக் கேட்டில் நுழையும்போது தூணில் இடது கதவு உரசியது. நான் நேராகத்தான் விட்டேன். நேராக விட்ட வண்டி அரை அடி இடது பக்கம் போகிறதென்றால் ஸ்டியரிங்கில்தான் கோளாறு. ரஃபீக் கடைக்குக் கொண்டுபோய் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னேன். பதினைந்து வருடமாக என் வண்டியை அவன்தான் பார்க்கிறான். மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்றான். மெஷினை நம்பாதே, மறுபடி செய் என்றேன். செய்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

மறுபடியும் கேட் தூண்.

நவம்பர் 20, புதன்

ரஃபீக்கிடம் இரண்டாவது முறை. நாலு டயரையும் இடம் மாற்றினான், காற்றுப் பார்த்தான், ஸ்டியரிங் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். கடைசியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவனே ரோட்டில் ஓட்டினான். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணா, நீங்களே பாருங்க. வண்டி நேராத்தான் போகுது."

போகத்தான் செய்தது. காலியாக இருந்த ரோட்டில் எந்த வண்டிதான் நேராகப் போகாது. தொழில் தெரிந்த ஆள் என்று நினைத்திருந்தேன். இரண்டு முறை வேலை செய்ததற்கும் ரசீது வாங்கிக்கொண்டேன்.

ஹெட்லைட்டும் சரியில்லை. சாயங்காலம் ஆறரைக்கே மங்கலாக இருக்கிறது. பல்பு மாற்றினேன், ரிலே மாற்றினேன், கண்ணாடியைப் பாலிஷ் போட்டேன். ஒன்றும் தேறவில்லை. எதிரே வருகிறவன் எல்லாம் வெள்ளை விளக்குப் போட்டு ஆளைக் குருடாக்குகிறான். அதுதான் விஷயம். விளக்கின் வெளிச்சத்துக்கு ஒரு அளவு வைக்கவேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றாது. தோன்றினாலும் அளக்கிற கருவி பெட்டியைவிட்டு வெளியே வராது.

நவம்பர் 24, ஞாயிறு

தம்புராஜ் புதுக் கார் வாங்கியிருக்கிறான். ஓட்டிப் பார் என்று காலையில் சாவியைக் கொடுத்தான். அவினாசி ரோட்டில் நீலாம்பூர் வரை போனோம்.

கார் இல்லை அது, குறை சொல்கிற மாமியார். கீ கீ என்று கத்துகிறது. இடது கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஸ்டியரிங் என் கையைப் பிடித்து உலுக்குகிறது. இரண்டு இடத்தில் தானாகவே பிரேக் பிடித்தது. இவ்வளவு விலை கொடுத்துப் பயந்தாங்கொள்ளித்தனத்தை வாங்கி வந்திருக்கிறாயே என்றேன். தம்புராஜ் கூரையோரக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் கேட்டான்.

"நீலாம்பூர் கிட்ட லெஃப்ட்ல ஒரு டெம்போ ஒட்டியே வந்துச்சே மாப்ள, பாத்தியா?"

எந்த டெம்போ என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, இந்த வருடம் வேண்டுமானால் கோத்தகிரிக்கு அவன் முன்னால் போவதாகச் சொன்னான். ஆக, பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. டெம்போவும் இல்லை, ஒன்றும் இல்லை. முன் கார் வேண்டும், அதற்கு இல்லாத டெம்போவைக் கொண்டுவருகிறான். நாற்பது வருட நட்பு, ஒரு டீக்குள் முடிந்துவிடும்போல இருக்கிறது. நான்தான் போவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது அவனே ஓட்டினான். காருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதோ என்னவோ, வீடு வரைக்கும் ஒரு சத்தம் இல்லை.

நவம்பர் 27, புதன்

கோகிலா போன் செய்தாள். சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் மோட்டார் எல்லாம் விசாரித்துவிட்டு, வண்டியை எடுத்தீர்களா என்றாள். இல்லை என்றேன். நிஜமாகவா என்றாள். கவர் போட்டு மூடியிருக்கிறது என்றேன். இந்த வயதில் பெண்டாட்டியிடம் பொய் சொல்ல வைத்துவிட்டாளே என்று அவள்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்குத் தனியாகப் போய் ஒரு ஒத்திகை பார்த்துவிட வேண்டும். பதினேழு பேருக்கு முன்னால் போகிறவன் ஒரு முறை வளைவுகளைப் பார்த்து வைப்பது நல்லது. தம்புராஜுக்கும் ஒரு பதில்.

டிசம்பர் 1, ஞாயிறு

கோத்தகிரி போனேன். எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நேற்று மேட்டுப்பாளையம் தாண்டி ஏறும்போது காலை எட்டு மணி. மழை விட்டிருந்தது. வண்டி சொன்னபடி கேட்டது. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழி விடவேண்டும் என்பது மலையில் பாலபாடம். அது தெரியாமல் சுற்றுலா வேன்காரர்கள் நியூட்ரலில் உருண்டு வருகிறார்கள், பிரேக் தீய்ந்த நாற்றம் ரோடெல்லாம் அடிக்கிறது. நான் இரண்டாம் கியரில் ஒரே சீராக ஏறினேன். ஒரு வளைவில்கூடக் கோடு தப்பவில்லை. கோத்தகிரிக்குச் சற்று முன்னால் அரவேனுவில் நிறுத்தி, இன்னும் பத்து வருடம் நான்தான் முன் கார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே டீ சொன்னேன். மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

டீ வருவதற்குள் ஒரு மினி லாரி வந்து என் காருக்குக் குறுக்கே நின்றது. நாலு பேர் குதித்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். ஆளை அடித்துப் போட்டுவிட்டு வந்து டீ குடிக்கிறாயா என்றார்.

நான் யாரையும் இடிக்கவில்லை என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன். ரோட்டில் யாருமே இல்லை என்றேன். இடித்துவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றி இந்த டைரியில் நான் எழுதாத வசவு இல்லை. அவர்களில் ஒருத்தனாக என்னை நினைக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது. அவர் சட்டையை விடாமலே என்னைக் காரின் இடது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். புதுக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் பச்சைத் தேயிலை கொத்தாகச் சிக்கியிருந்தது. ஒரு சாக்குக் கிழிசலும் இருந்தது.

அடிபட்ட அம்மாவின் பெயர் மாதி. ஐம்பது வயது இருக்கும். தேயிலைச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறார். கண்ணாடி சாக்கை இழுத்து, அவர் ஓடையில் விழுந்து, வலது முழங்கை உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அழுவார், திட்டுவார் என்று தயாராகப் போனேன். ஏன் ஓரமாக நிற்கவில்லை என்று கேட்கவும் ஒரு வார்த்தை வைத்திருந்தேன். அவரே பேசினார், மெதுவாக.

"நா ஓரமாத்தான் நின்னேன் அண்ணா. உங்க மொகம் என் பக்கந்தான் இருந்துச்சு. பாத்துட்டாங்கன்னு நெனச்சுத்தான் நா நகரல."

வைத்திருந்த வார்த்தையோடு வெளியே வந்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். ஸ்டியரிங் திடீரென்று இடது பக்கம் இழுத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். ரஃபீக் கொடுத்த இரண்டு ரசீதையும் காட்டினேன். தலையை ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டார். வண்டியை ஆய்வாளர் பார்க்கவேண்டும் என்று ஸ்டேஷனிலேயே நிறுத்திக்கொண்டார்கள். தம்புராஜ் வந்து அழைத்துவந்தான். இரண்டு மணி நேரம், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிசம்பர் 5, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து போன். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டார். ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, ஸ்டியரிங்கில் குறை இல்லை, பிரேக்கில் குறை இல்லை, வண்டி அதன் வயதுக்கு மிக நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாராம். அரசாங்கத்தில் ஒருத்தர் ஒழுங்காக வேலை செய்வதற்கு இந்த நாள்தானா கிடைத்தது.

மத்தியானம் கோகிலா வந்துவிட்டாள். தம்புராஜ் சொல்லியிருக்கிறான். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, முதல் கேள்வி அந்தம்மாவுக்கு எந்தக் கை என்பதுதான். வலது கை என்றேன். தேயிலை பறிக்கிற கையாச்சே என்றாள். அதற்கப்புறம் நான் என் தரப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். பால் வேன், கேட் தூண், அலைன்மென்ட், வெள்ளை விளக்கு. எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒரு வருஷமா லெஃப்ட்ல இருக்கறதெல்லாம் நாந்தானுங்க சொல்லிட்டு வர்றேன். சொல்லீட்டே இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன். என்னோட தப்புத்தான்."

உன் தப்பு என்ன இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்க் கண் ஆஸ்பத்திரிக்கு நம்பர் போட்டாள். திங்கட்கிழமை கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 7, சனி

புது லைசென்ஸ் தபாலில் வந்தது. இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாமாம். நம் அரசாங்கம் வேலையை எப்போதாவது சீக்கிரம் முடிக்கும். எப்போது முடிக்கக்கூடாதோ அப்போது.

டிசம்பர் 9, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. ஒரு சின்ன இருட்டறை. வெள்ளைக் கிண்ணம்போல் ஒரு மெஷின். முகவாயை அதில் வைத்து நடுப்புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றி எங்காவது பொட்டு வெளிச்சம் வந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்தவேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கண்ணுக்குச் செய்கிறார்கள். மெஷினைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பெண். வலது கண் முடிந்தது. அவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன்.

இடது கண். நாலைந்து வெளிச்சம் வந்தது, அழுத்தினேன். அப்புறம் நின்றுவிட்டது. காத்திருந்தேன். மெஷினுக்குள் டிக், டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. மெஷின் பழுதாகிவிட்டது, யாரையாவது கூப்பிடு என்றேன்.

"இல்லீங்க சார். லைட் வந்துட்டேதான் இருக்குது."

எஞ்சின் சத்தத்தை வைத்து எந்த கியர் என்று சொல்கிறவன் நான். அந்த டிக் எதற்கு என்று புரியாதா. ஒவ்வொரு டிக்குக்கும் அழுத்த ஆரம்பித்தேன். ஒன்றும் தெரியாமல் அழுத்திக்கொண்டே போனேன். நன்றாகத்தான் போனது. டிசம்பர் 15 முன் கார்கூடக் கண்முன் வந்துபோனது. அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"சார், சில தடவ சத்தம் மட்டும் வரும், லைட் வராது. அதுக்கும் அழுத்தறீங்க. மெஷின் அதையும் எழுதிக்கும். மொதல்லயிருந்து ஆரம்பிக்கட்டுங்களா?"

அறுபது வயதில், பேத்தி வயதுப் பெண்ணிடம் காப்பி அடித்து மாட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. சரி என்றேன். இரண்டாம் முறை தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன். ஆறு நிமிடமோ ஏழு நிமிடமோ. டிக் சத்தம் வந்துகொண்டே இருந்தது, கை பட்டன்மேல் சும்மா கிடந்தது. இத்தனை வெளிச்சம் வருகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாதி அங்கேதான் நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரம் தேய ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். போனது வராது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இனி வண்டி ஓட்டக்கூடாது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னார். திட்டுவதற்கு ஒரு ஆளும் அகப்படவில்லை.

நாளைக் காலை பஸ்ஸில் கோத்தகிரி போகிறேன். கோகிலாவும் வருகிறாள். முதலில் மாதியைப் பார்க்கவேண்டும். பிறகு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுக்கவேண்டும். என்ன வரும் என்று தெரியாது, வருவது வரட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று தம்புராஜுக்குப் போன் செய்தேன். பதினஞ்சாம் தேதி நீ முன்னால் போ, நான் வரவில்லை, எனக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை என்றேன். எப்போதிருந்து என்று கேட்டான். டாக்டர் இன்றைக்குத்தான் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது, விழுங்கினேன்.

"பொங்கல்லயிருந்துடா. பொங்கலன்னைக்கு வலது கண்ணப் பொத்திட்டு வாசலப் பாத்தேன். கோகிலா போட்ட கோலம் பாதிதான் இருந்துச்சு."

இந்த டைரியில்கூட அன்றைக்கு அதை எழுதவில்லை. டயர் காற்று எவ்வளவு என்றுதான் எழுதியிருக்கிறேன். பொங்கலுக்கும் மாதி விழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் பத்து மாதம் இருக்கிறது. தம்புராஜும் அதை எண்ணியிருப்பான்.